புதிர் இரவுக்குக் கேள்வி எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறு பட்டணம். கடைவீட்டு மாடியில் ஒரு பப். சனிக்கிழமை இரவு பத்து மேசைகளுக்குத் தமிழில் பொது அறிவும் சினிமாவும் கலந்த புதிர்ப் போட்டி. போன தடவை இரண்டு மேசைக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்; முருகன் சிலை பற்றிய ஒரு கேள்வியில் வாய்த்தகராறு வேறு. 'நல்ல கேள்விகள் எங்கே கிடைக்கும்?' என்று முடித்திருக்கிறீர்கள். கேள்விக்குப் பஞ்சமே இல்லை, இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் தேடுவது, தகராறு வராத, எந்த மேசையும் வெறுங்கையோடு உட்காராத கேள்வித்தாளை. அது எங்கும் ரெடிமேடாகக் கிடைக்காது, உட்கார்ந்து கட்ட வேண்டும். நான் சொல்வது பத்துப் பன்னிரண்டு மேசை வரைக்கும் பொருந்தும். நாற்பது மேசை போடும் பெரிய மண்டபத்துக்கு இது வேறு வேலை.

அந்த முருகன் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 'உலகிலேயே மிக உயரமான முருகன் சிலை எங்கே இருக்கிறது?' பத்து மேசையில் எட்டு மேசை பத்துமலை என்று எழுதியிருக்கும். 2006 ஜனவரியில் அந்தச் சிலை திறக்கப்பட்டபோது அது சரியான பதில்தான்: 140 அடி, அதாவது 42.7 மீட்டர். 2022-இல் சேலம் மாவட்டம் முத்துமலையில் 146 அடியில் ஒரு சிலை எழும்பிவிட்டது. போன வருஷம் ஊருக்குப் போய்வந்த யாராவது ஒருவர் அதைப் பார்த்திருப்பார், மேசையைத் தட்டுவார். பழைய பட்டியலிலிருந்து எடுத்த கேள்வி, பழைய பதிலோடு வந்திருக்கிறது. எழுதியவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, கேள்விதான் காலாவதியாகிவிட்டது. அதையே 'பத்துமலைக் குகைக்கு ஏறும் படிகள் எத்தனை?' என்று மாற்றிப் பாருங்கள். பதில் 272. அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு தைப்பூசத்துக்காவது ஏறியிருப்பார்கள், எண்ணியவர் ஒருவரோ இருவரோ. 'எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே' என்று தலையைச் சொறிய வைக்கும் கேள்விதான் நல்ல கேள்வி. 'இதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்று பேனாவைக் கீழே வைக்க வைப்பது கெட்ட கேள்வி.

ஆகவே 'மிக', 'முதல்', 'பெரிய', 'நீளமான' என்ற சொற்கள் கேள்வியில் வந்தாலே சிவப்புப் பேனாவை எடுங்கள். மிக நீளமான நதி நைலா அமேசானா என்று அளப்பவர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. பெரிய பாலைவனம் என்று கேட்டால் பாதிப்பேர் சஹாரா என்பார்கள், புவியியல் படித்தவர் அண்டார்க்டிகா என்பார். அவர் சொல்வதுதான் சரி. 'வெப்பப் பாலைவனங்களில்' என்று ஒரு சொல் சேர்த்தால் சஹாரா சரியாகிவிடும். அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான் கேள்வி எழுதுபவரின் வேலை. தமிழின் முதல் பேசும் படம் எது என்பதும் அப்படித்தான். 1931 அக்டோபர் 31 அன்று வந்த காளிதாஸ் என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். ஆனால் அதில் தெலுங்கும் பேசினார்கள் என்று தெரிந்த ஒருவர் அறையில் இருந்தால் அரை மணி நேரம் போச்சு. 'காளிதாஸ் படத்தின் கதாநாயகி யார்?' என்று கேட்டுவிடுங்கள். டி.பி.ராஜலட்சுமி. இதில் யாரும் வம்புக்கு வர முடியாது.

எண்ணும் தேதியும் வரும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். மலேசியா எப்போது சுதந்திரம் பெற்றது என்று கேட்காதீர்கள். 1957 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் பெற்றது மலாயா. மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. சபாவிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் அறையில் இருந்தால் உங்களை விடமாட்டார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். ஆஸ்கார் கேள்விகளில் இன்னொரு பள்ளம் உண்டு: படம் வந்த வருஷம் ஒன்று, விருது மேடை ஏறிய வருஷம் அடுத்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கார் வாங்கியது 2009 பிப்ரவரியில், படம் 2008. நம் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ சிறந்த நடிகை விருது வாங்கியது 2023-இல், படம் 2022. 'எந்த ஆண்டு நடந்த விழாவில்' என்று எழுதினால் தீர்ந்தது. இளையராஜாவின் பிறந்தநாளைக் கேட்கவே வேண்டாம். அவர் கொண்டாடுவது ஜூன் 2, பிறந்தது ஜூன் 3. மூன்றாம் தேதி கலைஞருக்கு உரியது என்று அவரே விட்டுக்கொடுத்தார் என்பது ரசிகர்களுக்குத் தெரியும், உடனே கச்சேரி ஆரம்பமாகிவிடும். அவருடைய முதல் படம் 1976-இல் வந்த அன்னக்கிளி, அதைக் கேளுங்கள். பாரதியார் மறைந்த நாளும் இந்த ரகம்தான். 1921 செப்டம்பர் 11 என்பாரும் உண்டு, நள்ளிரவு தாண்டிவிட்டதால் 12 என்பாரும் உண்டு. பிறந்த நாள் 1882 டிசம்பர் 11, அதில் சிக்கல் இல்லை.

மாறிக்கொண்டே இருக்கும் பதில்கள் தனிக் கூட்டம். சனிக் கிரகத்துக்கு 2023-இல் 145 நிலவுகள் என்று அச்சிட்டார்கள், 2025 மார்ச்சில் அது 274 ஆகிவிட்டது. மலேசியாவின் உயரமான கட்டடம் இரட்டைக் கோபுரம் என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 451.9 மீட்டர் கொண்ட அதை 678.9 மீட்டர் உள்ள மெர்டேக்கா 118 எப்போதோ தாண்டிவிட்டது. மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்தியது 2023-இல். உலகில் எத்தனை நாடுகள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193, ஃபிஃபா உறுப்பினர்கள் 211. எந்தக் கணக்கு என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் நூறு கேள்வி கேட்டு வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அது தப்பான பதிலையும் சரியான பதிலையும் ஒரே குரலில் சொல்லும். ஒவ்வொரு பதிலையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் பார்த்த பிறகுதான் தாளில் ஏற்றுங்கள். ஒன்றைப் பார்த்து எழுதிய இன்னொன்றை இரண்டாவது சாட்சியாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது எழுந்து போன அந்த இரண்டு மேசை. அவர்கள் கோபித்துப் போயிருக்க மாட்டார்கள். மூன்று சுற்று முடிந்தும் முப்பதுக்கு ஐந்து வாங்கினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்? தோட்டப் பட்டணத்து மேசை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள்: ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பினாங்கு தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன், கொரிய நாடகம் பார்க்கும் மருமகள். ஒவ்வொரு பத்துக் கேள்வியிலும் இந்த நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். பத்தில் மூன்று எல்லோருக்கும் தெரிந்தது, இன்னொரு நான்கு ஒவ்வொரு மேசையிலும் ஒருவருக்காவது தெரிந்தது, மூன்று கஷ்டமானது. இந்தக் கணக்கில் எழுதினால் முதல் இடம் எண்பது விழுக்காட்டைத் தொடும், கடைசி மேசையும் நாற்பதுக்குக் கீழே போகாது. முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளி இதைவிடப் பெருகினால் தாள் ஒருசாராருக்காக எழுதப்பட்டது என்று பொருள். போட்டிக்கு வராத இரண்டு பேரிடம், ஒருவர் ஐம்பது தாண்டியவர், ஒருவர் இருபதுகளில் இருப்பவர், முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். இருவரும் தவறவிட்ட கேள்வி ஒரு சுற்றில் மூன்றுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள். அறுபது கேள்விக்கு எழுபத்தைந்து எழுதினால்தான் வெட்ட மனசு வரும்.

எளிது, நடுத்தரம், கடினம் என்பதை ஒரே பொருளில் எப்படி ஏற்றுவது என்பதற்கு நம் ஊர்ச் சரக்கே போதும். ரப்பர் மரத்தின் பூர்வீகம் எந்த நாடு? பிரேசில், எல்லோரும் எழுதுவார்கள். 1876-இல் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஆங்கிலேயர் யார்? ஹென்றி விக்கம், ஆசிரியைக்குத் தெரிந்திருக்கலாம். ரப்பர் நடச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தியதால் 'பைத்தியக்காரர்' என்று தோட்ட முதலாளிகளிடம் பட்டப்பெயர் வாங்கிய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா இயக்குநர்? ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தவரும் அவர்தான் என்று பதிலோடு சேர்த்துச் சொல்லுங்கள், பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். கடைசியாக, 1917-இல் இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பயிரிட்ட தோட்டம்? கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட். இங்கே 'முதன்முதலில்' இருக்கிறதே என்பீர்கள். வணிக நோக்கில் என்ற வேலி போட்டிருப்பதால் நிற்கும், ஏனென்றால் அதற்கு முன்பே செம்பனை அழகுக்காக வளர்க்கப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசை வாங்கினார் என்பது கூடுதல் மதிப்பெண்ணுக்கு. அதை யாரும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

விளையாட்டிலும் இப்படி நிலையான பதில்கள் ஏராளம். எவரெஸ்டில் கால் வைத்த முதல் மலேசியர் எம்.மகேந்திரன், 1997 மே 23. அதே நாளில் ஏறியவர் என்.மோகனதாஸ். 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்கள் அழைத்த கோல்காவலர் ஆர்.ஆறுமுகம். உலக ஸ்குவாஷ் பட்டத்தை நிக்கோல் டேவிட் வென்றது எட்டு தடவை. இவை கல்வெட்டு. நடப்பு சீசன் கோல் கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதியது, தவிருங்கள்.

சினிமா கேள்விகளில் 'சிறந்த', 'பிரபலமான' என்று எழுதினால் ரசிகர் சண்டையை நீங்களே அழைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அஜித்தா விஜய்யா என்பதற்கு விடைத்தாள் கிடையாது. பாட்டுச் சுற்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இரவே அதில்தான் நிற்கிறது. முன்னிசையை மட்டும் பத்து விநாடி வெட்டுங்கள். பல்லவி தொடங்கிவிட்டால் கேள்வி முடிந்தது, மேசையே பாட ஆரம்பித்துவிடும். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள்; நடுவில் விளம்பரம் வந்தால் மொத்த அறையும் சிரிக்கும். புளூடூத் ஒலிபெருக்கி ஒவ்வொரு தடவையும் முதல் அரை விநாடியை விழுங்கும், முன்னிசையில் அதுதான் உயிர். கம்பி போட்டு இணையுங்கள், அல்லது ஒவ்வொரு துண்டின் முன்னாலும் இரண்டு விநாடி மௌனம் சேர்த்து வெட்டுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வைத்தால் மேசைக்குள் பேச்சு நடக்கும். உதாரணத்துக்கு 'மடை திறந்து'. 2006-இல் மலேசிய ராப் குழுவான யோகி பி நட்சத்ராவின் வல்லவன் தொகுப்பில் வந்ததைப் போடுங்கள். அந்தத் தோட்டப் பட்டணத்து மேசையின் மகன் முதல் விநாடியிலேயே யோகி பி என்று எழுதிவிடுவான், ஒரு மதிப்பெண். 'இதன் மூலப் பாடலைப் பாடியவர் யார்?' என்ற இரண்டாவது மதிப்பெண்ணுக்கு அவன் அப்பாவைத்தான் பார்க்க வேண்டும். 1980-இல் நிழல்கள் படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. தலைமுறை இரண்டும் ஒரே தாளின் மேல் குனியும் அந்தப் பத்து விநாடிக்காகத்தான் இவ்வளவு பாடு. மலேசியா வாசுதேவன் பாட்டு ஒன்றாவது இல்லாமல் இங்கே பாட்டுச் சுற்று வைப்பது பாவம் என்பது என் கட்சி.

படச் சுற்றை முதலிலேயே மேசையில் கொடுத்துவிடுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அது தின்றுவிடும். கறுப்பு வெள்ளை நகலில் நடிகர் முகமெல்லாம் கரியாகிவிடும், கொடிகள் பயனற்றுப் போகும். வண்ணத்திலேயே இந்தோனேசியாவுக்கும் மொனாக்கோவுக்கும் அளவுதான் வித்தியாசம், கறுப்பு வெள்ளையில் சிங்கப்பூரும் அந்தச் சாயலுக்கு வந்துவிடும். நகல் கடைக்குப் போவதென்றால் மாநிலங்களின் எல்லைக்கோட்டுப் படங்களைப் போடுங்கள். பெர்லிஸ் சுலபம், நெகிரி செம்பிலானில் தடுமாறுவார்கள்.

நேரக் கணக்கு இது. கேள்வியை இரண்டு தடவை படிக்க இருபது விநாடி, யோசிக்க நாற்பது. பத்துக் கேள்விக்குப் பத்து நிமிடம், திருத்த ஐந்து. ஆறு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம், நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை. சனிக்கிழமை என்றால் இங்கிலாந்துப் பந்தாட்டத்தை மறக்காதீர்கள். அங்கே பிற்பகல் மூன்று மணி ஆட்டம் அவர்களின் கோடை நேரத்தில் நமக்கு இரவு பத்து, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு பதினொன்று. பத்து மணிக்கு மேல் கேள்வி கேட்டால் மேசை தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் பதில் எழுதும். ஆகவே எட்டு மணிக்கு ஆரம்பியுங்கள், எட்டரை என்று அறிவிக்காதீர்கள். எட்டரை என்றால் ஒன்பதரைக்கு வருவார்கள். யோசிக்க வேண்டிய சுற்றுகளை இடைவேளைக்கு முன் முடித்துவிட்டு, பாட்டைப் பின்னால் வையுங்கள். இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு வரலாறு எடுபடாது.

திருத்தும்போது பக்கத்து மேசையோடு தாளை மாற்றச் சொல்வது வழக்கம். பக்கத்து மேசையில் மச்சான் இருப்பான். இரண்டு மேசை தள்ளி அனுப்புங்கள், திருத்தியவர் மேசை எண்ணை ஓரத்தில் எழுதட்டும். உங்கள் கையில் இருக்கும் தாளில் ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் ஏற்கத்தக்க மாற்றுப் பெயர்களை எழுதி வையுங்கள். பெரியவர்கள் தெலுக் இந்தானைத் தெலுக் ஆன்சன் என்றும், கிள்ளான் துறைமுகத்தைப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் எழுதுவார்கள். கெடாவைக் கடாரம் என்று எழுதுகிற தமிழாசிரியரும் இருப்பார். எல்லாம் சரி. தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் எழுதினாலும், எழுத்துப்பிழை இருந்தாலும், உரக்கப் படித்தால் பதில் விளங்குகிறதா என்பது மட்டுமே அளவுகோல். அரை மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தால் பேரம் ஆரம்பமாகும். ஆட்சேபம் அடுத்த சுற்றின் முதல் கேள்வி வரைக்கும்தான் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். கேள்வியில் உங்கள் தப்பு என்று தெரிந்தால் விவாதிக்காமல் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, சுற்றுக்கு ஒன்றாகக் கையில் வைத்திருக்கும் மாற்றுக் கேள்வியைப் போடுங்கள்.

சமநிலை வந்தால் விரைவாகக் கத்துகிற போட்டி வேண்டாம், மைக் இல்லாத மூலை மேசை தோற்கும். ஓர் எண்ணைக் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள், நெருங்கியவர் வெற்றி. கினபாலு மலை 4,095 மீட்டர் என்பது பள்ளியில் படித்த எண், யாராவது சரியாகவே எழுதிவிடுவார்கள். மெர்டேக்கா 118 உயரம் கடைசிப் புள்ளிவரை தெரிந்தவர் குறைவு, அது நன்றாகப் பிரிக்கும். குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்பதை மட்டும் தளர்த்தாதீர்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் கைத்தொலைபேசியோடு கழிப்பறைக்குப் போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தலைக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கி அதை அப்படியே வெற்றி பெற்றவர் கையில் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பந்தயம் போலத் தெரியும். அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் கழித்துவிட்டு, பரிசைக் கடைக்காரர் தரட்டும். உரிமம், அனுமதி பற்றிய சட்டம் என் துறை இல்லை. அதைக் கடைக்காரர் நகராண்மைக் கழகத்தில் நேரில் கேட்பதுதான் முறை. அடுத்த தடவைக்கு எழுதிய கேள்விகளில் சந்தேகமானவை இருந்தால் இங்கேயே போடுங்கள். பதிலையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், உங்கள் ஊர்க்காரர்களும் இதைப் படிக்கிறார்கள்.